ஃப்ரீசர் கதவில் ஒரு முதல் பக்கம்

அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்த ஒரு மனிதர் சட்டென்று நின்றதைப் பார்த்தபோதுதான், நான் பத்திரிகையாளர் ஆகவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு மளிகைக் கடை. கறிவேப்பிலைக் கூடைக்குப் பக்கத்தில் 'பளீர்' என்ற இலவசப் பத்திரிகை கட்டாகக் கிடந்தது. முதல் பக்கத்தில் கட்டைவிரல் உயர எழுத்தில் ஒரே வரி: "தலைவருக்குச் சால்வை இல்லை!" மனிதர் மூட்டையை இறக்கவில்லை. கழுத்தை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து, ஏதோ சங்கத்தின் ஆண்டு விழாவில் பொன்னாடைகள் போதாமல் போன வரலாற்றைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு, "சீ, இதெல்லாம் ஒரு பேப்பரா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிரதிகளை அக்குளில் செருகிக்கொண்டு போனார்.

அதற்கு முந்தைய வாரம், நகரத்தில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் நாற்பது வண்ண வரைபடங்களோடு ஒரு விளக்கவுரை நடத்தியிருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இங்கே பத்துக் கிலோ பொன்னியோடு ஒருவர் நின்று படிக்கிறார். என் முதுகலைப் பட்டத்தின் மீது எனக்கிருந்த மரியாதை அந்தக் கடையிலேயே போய்விட்டது.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள். பாட்காஸ்ட் தொடங்கப் போகிறார்களாம். "அக்கா, நீங்க ஒரு வெட்டரன். ரிடையர் ஆன பிறகு லைஃப் எப்படிப் போகுது?" என்று கேட்டார்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. பத்திரிகை உலகில் நான் இருந்தது இரண்டு வருடத்துக்கும் குறைவு. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்து, "அது ஒரு காலம்" என்றேன். ஓய்வு பெற்றவர்களுக்குரிய அத்தனை கெட்ட பழக்கங்களும் எனக்கு வந்துவிட்டன, ஓய்வூதியம்தான் வரவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்திரிகையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். "வாரும்" என்றார்கள். போனேன். அவ்வளவுதான் பயிற்சி.

அலுவலகம் ஒரு வீட்டின் கராஜ். உள்ளே ஒரு கணினி, ஒரு பெரிய பிரிண்டர், இரண்டு கதிரைகள். நானும் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டேன். நாற்காலி என்று சொன்னால் அங்கே யாரும் தரமாட்டார்கள். ஒரு கதிரையில் ஆசிரியர் இருந்தார். ஊர் அவரை 'ஜெர்மன் குணம்' என்று அழைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டுச் சிட்னிக்கு வந்தவர். அங்கே பரபரப்புச் செய்திக்குப் பேர்போன பெரிய தெருப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர் என்பது ஊர்ப் பேச்சு. அது பொய்யில்லை. அந்தப் பத்திரிகை அச்சாகும் இடத்தில் கட்டுக் கட்டும் பிரிவில் இருந்திருக்கிறார்.

"நாடு முழுக்கப் படிக்கிறதுக்கு முன்னம் தலைப்பைப் பார்க்கிற ஆள் நான்தான், பிள்ளை. அமைச்சருக்கே தெரியாது, தான் ராஜினாமா எண்டு. எனக்குத் தெரியும்."

அந்தப் போதையில் அங்கேயே தமிழில் ஒரு தெருப் பத்திரிகை தொடங்கினார். தேர்த் திருவிழாவில் முதலில் வடம் பிடித்தது யார், யார் பிடித்ததாகப் படம் மட்டும் எடுத்துக்கொண்டார் என்று படத்தோடு போட்டார். இரண்டு மண்டபங்களில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஒரு கோயிலில் அர்ச்சனைத் தட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இதையெல்லாம் மற்றவர்கள் விருதுகளைச் சொல்வது போலச் சொல்வார். சிட்னியிலும் விழாக்களில் அவருக்கு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து இருக்கைதான். யாரும் அவரோடு பேசிவிடக் கூடாதே.

நான் அவரை 'சார்' என்பேன். "அண்ணை எண்டு சொல்லும். சார் எண்டால் இன்கம் டாக்ஸ் ஆக்கள் வந்த மாதிரிக் கிடக்கு" என்பார். இன்றுவரை மாற்றிக்கொள்ள முடியவில்லை. திருச்சியில் என்னை அப்படித்தான் வளர்த்துவிட்டார்கள்.

பாட்காஸ்ட் பிள்ளைகள் தொழில் நுணுக்கம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரே நுணுக்கம். பெயர்: ஃப்ரீசர் சோதனை.

'பளீர்' பத்திரிகையில் தலைப்பு முதலில் வரும், செய்தி பிறகு வரும். தலைப்பு நாலு சொல்லைத் தாண்டக் கூடாது, தாண்டினால், "இது தலைப்போ, கலியாணக் கார்டோ?" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுப்பார். தலைப்பு சரியென்று பட்டதும் முதல் பக்கத்தின் மாதிரியைப் பெரிய தாளில் அச்சிட்டு, பென்டில் ஹில் கடையின் ஃப்ரீசர் கதவில் ஒட்டவேண்டும். உறைந்த தேங்காய்ப்பூவும் பரோட்டாவும் இருக்கும் அந்தக் கதவைத் தொடாமல் எந்தத் தமிழரும் கடையை விட்டு வெளியே போக முடியாது. ஒட்டிவிட்டு, எதிரே பருப்பு வரிசையில் நின்று, துவரம் பருப்புப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது போல நடித்துக்கொண்டே கவனிக்கவேண்டும். கை நிறையச் சாமான் உள்ளவர் நின்றால்தான் கணக்கு. வெறுங்கையோடு நிற்பவர் கணக்கில் வரமாட்டார். அவர் மனைவிக்காகக் காத்திருப்பவர். நின்றவர் சிரித்தால் தலைப்பு சுமார். "சீ" என்றால் அருமை. சோதனை முடிந்ததும் தாளைக் கிழித்து வந்து, அதன் பிறகுதான் சம்பந்தப்பட்டவர்களுக்குப் போன் செய்து செய்தி எழுதுவோம்.

கடைசி வாக்கியத்தை நீங்கள் இன்னொரு முறை படிக்கலாம். நான் அப்போது படிக்கவில்லை.

முதலில் நான் எழுதியது மேற்குப் புறத்துப் பேருந்துத் தாமதங்களைப் பற்றிய ஆய்வு. தரவு, வரைபடம், அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. ஒட்டினோம். காத்திருந்தோம்.

"ஒருத்தர் நின்னார் சார்!" என்றேன் ஆசையாக.

"அவருக்கு ஃப்ரீசர் கதவைத் திறக்கத் தெரியேல்லை, பிள்ளை."

வெட்கத்தில் வேகமாகக் கற்றுக்கொண்டேன். அடுத்த சில மாதங்களில், "கோயில் வாசலில் யார் கார்?", "மைக்கை விடாத செயலாளர்!" என்று என் தலைப்புகள் ஃப்ரீசர் முன்னால் நெரிசலை உண்டாக்கின. "நீர் ஜெர்மனியில பிறந்திருக்கவேணும்" என்றார் ஆசிரியர். அன்று ரயிலில் வீடு திரும்பும்போது ஹோம்புஷ் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இனி, என் ஓய்வுக்குக் காரணமான அந்த ஒரு விவகாரம்.

ஜனவரி மாதம், இங்கே நடுக்கோடை. வெயில் தார் ரோட்டை இளக வைத்துக்கொண்டிருந்தது. ஹோம்புஷில் இருக்கும் நந்தகுமார் அங்கிள் தன் மகளுடைய இருபத்தோராவது பிறந்த நாளைப் பென்டில் ஹில்லில் ஒரு மண்டபத்தில் கொண்டாடினார். கோயம்புத்தூர்க்காரர், விசா விண்ணப்பங்கள் செய்துகொடுப்பவர், 'பளீர்' கடைசிப் பக்கம் முழுவதும் எப்போதும் அவருடைய விளம்பரம்தான். அதுதான் எங்களுடைய பிரிண்டர் மை, வாடகை, தேநீர் எல்லாம். மறுநாள் விருந்தினர்களில் பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். விருந்துக்கு மட்டன் ரோல்ஸும் இடியப்பமும் கொடுத்தவர் நார்த்மீட்டில் இருக்கும் மனோ அன்ரி. போரில் கணவரை இழந்து வந்து, வீட்டின் பின்னால் முறைப்படி அனுமதி வாங்கிய ஒரு குசினி கட்டி, தனியாளாகச் சமைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர்.

எனக்குத் தலைப்பு குளிக்கும்போதே வந்துவிட்டது: "மட்டன் ரோல்ஸ்: மண்டபமே படுத்தது!" சொற்கள் நாலு. ஆச்சரியக்குறியும் உண்டு. ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் கைதட்டியதாக அர்த்தம்.

ஒட்டினேன். பருப்பு வரிசைக்குப் போகக்கூட நேரம் இல்லை. தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டன. "சீ" மட்டும் அல்ல, "ஐயையோ"வும் கேட்டது. ஒரு பெண் போனை எடுத்துப் படம் பிடித்ததைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் விலகி நின்று வெளிச்சம்கூட விட்டேன்.

பத்திரிகை அச்சாகவே இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் அந்தப் படம் சிட்னித் தமிழர்களின் அத்தனை வாட்ஸப் குழுக்களிலும் வந்துவிட்டது. எனக்கே பதினோரு பேர் அனுப்பினார்கள், "இதைப் பாத்தியா?" என்று.

மூன்றாம் நாள் மனோ அன்ரி கராஜுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. அதன் மேல் ஃபாயில். தட்டை மேசையில் வைத்து ஃபாயிலை நீக்கினார். சுடச்சுட ரோல்ஸ்.

"சாப்பிடுங்கோ."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"பயமோ? சாப்பிடுங்கோ எண்டுறன்."

ஆளுக்கு ஒன்று எடுத்தோம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ருசியான ரோல்ஸை அதுவரை நான் சாப்பிட்டதில்லை. இன்னொன்று எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"ஆர் எழுதினது?"

"நான்தான் அன்ரி" என்றேன் வாய் நிறைய ரோல்ஸோடு.

"ஒரு போன் எடுத்துக் கேட்டனீரோ?"

ஆசிரியர் குறுக்கிட்டார். "மனோ, நாங்கள் இன்னும் பேப்பரில போடேல்லை. உம்மட பேரும் அதில இல்லை."

"பேப்பரில போடேல்லை, ஃப்ரீசரில போட்டனீங்கள். பேர் போடேல்லையாம்! இந்த ஊரில ரோல்ஸ் எண்டால் ஆரின்ர ரோல்ஸ் எண்டு சனத்துக்குத் தெரியாதோ? வாற மாசம் ஒரு கலியாணம், ஒரு சாமத்தியவீடு. ரெண்டும் வேண்டாம் எண்டிட்டினம். பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? எந்த இடத்தில போட்டனீங்களோ அதே இடத்தில, அதே பெரிய எழுத்தில, என்ர ரோல்ஸில பிழை இல்லை எண்டு போடுங்கோ."

தட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். சாமத்தியவீடு என்றால் எங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு விழா; இரண்டு பெரிய சமையல் கைநழுவியிருந்தது. ஆசிரியரின் முகம் வெளிறியிருந்தது.

"ஜெர்மனியில இதுக்குச் சட்டமே இருக்கு, பிள்ளை. பிழையாப் போட்டால் மறுப்பை அதே இடத்தில, அதே எழுத்தில போடவேணும். அப்பிடி ஒரு நாள் முதல் பக்கம் முழுக்க மறுப்பு வந்தது. கட்டுக் கட்டுறதை விட்டிட்டு நானே நிண்டு படிச்சன். இந்த மனுசிக்கு அது எப்பிடித் தெரிஞ்சுது?"

பிழை இல்லை என்று போடுவதற்கு, பிழை இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும். அப்போதுதான், எல்லாம் நடந்து முடிந்த பிறகு, முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். விருந்துக்குப் போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். தரவு ஆய்வாளராக நான் உருப்படியாகச் செய்த ஒரே ஆய்வு அது. விசித்திரமான ஒரு முடிவு வந்தது. போனில் "ஆமா" என்றவர்கள் பெரும்பாலும் படுத்திருந்தார்கள். "ஓம்" என்ற யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மட்டனைத் தொடாத சைவக்காரர்கள்கூடப் படுத்திருந்தார்கள். ரோல்ஸை மட்டும் தின்ற சின்னப் பிள்ளைகள் டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எத்தனை ரோல்ஸ் தின்றாலும் கடைசியில் ஒரு வாய் தயிர் சாதம் இறங்காவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மனோ அன்ரியின் விருந்தில் தயிர் சாதமே கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

நந்தகுமார் அங்கிளுக்குப் போன் செய்தேன்.

"தயிர் சாதமா? அது நம்ம வீட்ல கிளறினதும்மா. சைவக்காரங்க இருக்காங்கல்ல. காலையிலேயே டிக்கியில வச்சுட்டேன். பலூனெல்லாம் கட்டி முடிச்சுட்டு மத்தியானமாத்தான் எடுத்தோம். ஏம்மா கேக்கறே?"

ஜனவரி. டிக்கி. மத்தியானம். நான் குறித்துக்கொள்ளும் தட்டச்சுச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"ஏம்மா... இதைப் போய் பேப்பர்ல போடுவியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "டிக்கியில் கொதித்த தயிர் சாதம்!" என்று கைகள் தாமாகவே தட்டச்சு செய்தன. மனோ அன்ரியைப் போனில் கேட்டேன். "போடும்! கொட்டை எழுத்தில போடும்!" என்றார். ஆசிரியர்தான் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்தாள் கதைச்சு முடிக்கேல்லை, பிள்ளை. இதையும் ஒட்டினால், அடுத்த கிழமை அவர் ஒரு சட்டி தயிர்ச் சோத்தோட வந்து 'சாப்பிடும்' எண்டு நிப்பார். அதை நான் சாப்பிட மாட்டன்."

ஆகவே வெறும் மறுப்பு மட்டும் என்று முடிவானது. "திருத்தம்" என்று ஒட்டினேன். ஒருவரும் நிற்கவில்லை. "மட்டன் ரோல்ஸில் குற்றம் இல்லை!" என்று ஒட்டினேன். ஒரு அம்மா நின்றார். "அப்ப முன்னம் ஏதோ இருந்திருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு உறைந்த கோழியோடு போனார். பழி சொன்னால் நிற்கிற கால்கள், பழியைத் துடைத்தால் நிற்பதில்லை. எழுத்து அதே அளவுதான். கதவும் அதே கதவுதான். பருப்பு வரிசையில் நின்றபோது, மனோ அன்ரி சமைக்கவேண்டிய கலியாணமும் சாமத்தியவீடும் என் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தன.

அப்போது ஆசிரியர் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சோகமாக நின்றார். மாலைக் கூட்டம் வந்தது. ஒருவர் நின்றார். கையில் நிறையச் சாமான். இன்னொருவர் நின்றார். முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு தம்பதி நின்றார்கள். அவர்கள் யாரும் தலைப்பைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்கள்.

"ஜெர்மன் குணம்தானே? என்ன, முகம் செத்துக் கிடக்கு?"

"ஆரோ வழக்குப் போட்டிட்டாங்கள் போல."

குரல்களில் என்ன ஒரு சந்தோஷம்! நான் போனை எடுத்து, அவரை அப்படியே, பின்னால் தேங்காய்ப்பூப் பொட்டலங்கள் தெரியப் படம் பிடித்தேன். கராஜுக்கு ஓடினேன். வந்த தலைப்பு: "பிடிபட்டார் ஜெர்மன் குணம்!" கீழே அந்தப் படம், பக்கத்தில் சின்னதாக என் படம். அதற்குக் கீழே, யாரையும் கேட்காமல் தலைப்பு எழுதியது இன்னார், ஒட்டச் சொன்னது இன்னார், ரோல்ஸ் மட்டும் சாப்பிட்டவர்களில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த ரோல்ஸ் மனோ அன்ரியின் குசினியில் சுத்தமாகச் செய்தது என்று நேராக நாலு வரி. தயிர் சாதத்தின் பெயர் இல்லை.

அவரிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுத்து காணாது. இன்னும் பெருப்பியும்."

மனோ அன்ரிக்கும் படித்துக் காட்டினேன். "என்ர போன் நம்பரையும் போடும். அதே அளவில" என்றார். போட்டோம். பாதிப் பக்கம் அதற்கே போனது.

அதை ஒட்டிய அன்று கடையில் நின்ற கூட்டத்துக்குக் கடைக்காரர் தனி வரிசை அமைக்கவேண்டியதாயிற்று. ஊர் பல வருடங்களாகக் காத்திருந்த செய்தி அல்லவா அது. படத்தில் இருப்பது நான்தான் என்று அடையாளம் காணாத ஒருவர், பருப்பு வரிசையில் என்னையே கூப்பிட்டுக் காட்டினார்: "பாருங்கோ, ஆக்களைப் பார்த்தாலே தெரியேல்லையோ?" "ஆமாங்க, தெரியுது" என்றேன். வாட்ஸப்பில் முந்தைய படம் போன அத்தனை இடத்துக்கும் இதுவும் போனது. அது போகாத லண்டனுக்கும் கனடாவுக்கும்கூடப் போனது. அரிசி மூட்டைக்காரரும் வந்தார், சத்தியமாக. மூட்டையோடு நின்று, ஒற்றைக் கையால் அன்ரியின் எண்ணைப் போனில் சேமித்துக்கொண்டார்.

கலியாணம் திரும்பி வரவில்லை. சாமத்தியவீடு வந்தது, அதைத் தொடர்ந்து வேறு மூன்று விசேஷங்களும் வந்தன. தயிர் சாதம் என்று நாங்கள் எழுதாவிட்டாலும் ஊருக்குக் கணக்குப் போடத் தெரியும். நந்தகுமார் அங்கிள் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். கடைசிப் பக்கம் போனதும் முதல் பக்கமும் போனது. ஆசிரியர் மெல்பர்னில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றேன்.

ஆனால் இருபத்தெட்டு வயதில் ஓய்வெடுப்பது மிகவும் களைப்பான வேலை. அதனால் அடுத்த வாரம் முதல் ஒரு புதிய பத்திரிகை தொடங்கப் பார்க்கிறேன். ஒரே தாள். அச்சகம் இல்லை, விளம்பரம் இல்லை. பென்டில் ஹில்லிலும் ஹோம்புஷிலும் ஃப்ரீசர் கதவுகள் பேசியாயிற்று. மெல்பர்னில் கதவு தேடுவது ஆசிரியர் பொறுப்பு. அங்கே ஒரு கடையில் அவரை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் விரட்டிவிட்டார்களாம், பெருமையாகச் சொன்னார்.

முதல் இதழ் நந்தகுமார் அங்கிளைப் பற்றியது. அவர் முழுதாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகிறேன். மனோ அன்ரி ஒரு தட்டு ரோல்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "நான் தந்தது எண்டு சொல்லும். சொல்லிப் போட்டு அந்தாள் சாப்பிடுதோ எண்டு பாரும்" என்றார். சமாதானமா, சோதனையா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

நேற்று மெல்பர்னிலிருந்து போன் வந்தது.

"தலைப்பு என்ன, பிள்ளை?"

"இன்னும் எழுதல சார். அவர்கிட்ட பேசிட்டு வந்துதான்."

அந்தப் பக்கம் ஏதோ துணி உரசும் சத்தம். கண்ணாடியைத் துடைக்கிறாரோ என்று நினைத்தேன்.

"அப்ப ஞாயிறு வரைக்கும் நான் இங்க தேடிப் பிடிச்ச ஃப்ரீசரில என்னத்தை ஒட்டுறது?"